எட்டாம் கல் புற்று

கட்டிலின் மேல் நான்கு சாமான்களைப் பரப்பி வைத்திருக்கிறார் வனவர், கல்யாண வீட்டில் சீர் வைப்பது போல. ரெட்டைக்குழல் துப்பாக்கி, கொடுவாள், ஒரு பெட்டி வெடி, சிவப்பு நிற மிளகாய் ஸ்ப்ரே டப்பா. மணி ஐந்தே முக்கால். ஆறேகாலுக்குக் கோட்டில் கால் வைக்க வேண்டும். "ஏப்பா சென்னியப்பா, நாலையும் கட்டித் தூக்கிட்டுப் போக நீ என்ன கருப்பராயன் சாமியா? ஒரு கையில திசைகாட்டி, கழுத்துல தூரம் பாக்குற மிசினு, பையில போனு. மிச்சம் இருக்கறது ஒரு கை. ஒண்ணை எடு" என்கிறார் வனவர் மோகனசுந்தரம். அவருக்கென்ன, முகாமில் உட்கார்ந்து கடுங்காப்பி குடிப்பார். நடக்கிறவன் நான். கோடு என்பது காட்டுக்குள் நூல் பிடித்த மாதிரி வெட்டி வைத்த இரண்டு கிலோமீட்டர் தடம். நூறு மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கல், மொத்தம் இருபது கல். இருபுறமும் கண்ணில் படுகிற மானையும் காட்டெருமையையும் எண்ணிக்கொண்டு போக வேண்டும், பேசக் கூடாது, இருமக் கூடாது, சருகு நொறுங்கக் கூடாது, அதுதான் கணக்கெடுப்பு, அதுதான் விதி. போன செப்டம்பரில் இதே கோட்டில், எட்டாம் கல்லில், கரடி என்னோடு நடந்த மலைவாசிக் காவலன் ஜடையனின் முகத்தைத் தின்றது. தின்றது என்று சொல்லக் கூடாதாம். பயிற்சி கொடுக்க வந்த அதிகாரி திரையில் படம் காட்டிச் சொன்னார், கரடி மனுஷனைத் தின்னாது, திடுக்கிட்டால் தாக்கும், முகத்தைக் குறி வைக்கும், அவ்வளவுதான் என்று. அவ்வளவுதான்! அந்த அவ்வளவுதானை ஒரு பாலிதீன் பையில் போட்டு ஜீப்பில் என் மடியில் வைத்துக்கொண்டு கோவை வரைக்கும் போனவன் நான். மூக்கும் மேலுதடும், கூடவே கொஞ்சம் சருகும் இருந்தது. இன்றைக்கு ஜடையன் திரும்ப வேலைக்கு வருகிறான். என்கூடத்தான் நடக்கப் போகிறான். அவனைத் தவிர இந்தக் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேறு ஆள் இல்லை.

துப்பாக்கி என்றால் எனக்கு ஆசைதான். ஐந்து மாதமாக ஒவ்வொரு நாளும் குளிக்கும்போது நான் அந்தக் கரடியைக் கொல்கிறேன். முதல் சொம்புத் தண்ணீர் தலையில் விழும்போது அது புற்றிலிருந்து தலையை எடுக்கும், நெஞ்சில் வெள்ளைக் கோடு, வாயில் மண்ணும் கரையானும், நான் குழலை அந்த வாய்க்குள்ளேயே திணித்துக் குதிரையை இழுப்பேன், மண்டை பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போகும். சில நாள் கொடுவாள். கழுத்தில் ஒரு போடு, இறங்காது, மயிர் அவ்வளவு அடர்த்தி, இரண்டாவது போடு, மூன்றாவதில் சூடாக முகத்தில் அடிக்கும். என் பெண்டாட்டி பூங்கோதை வெளியிலிருந்து கதவைத் தட்டி "தண்ணி போதும், டேங்க் காலியாவுது" என்கிற வரைக்கும் வெட்டிக்கொண்டே இருப்பேன். ஆனால் எந்த நாளும் அது சாவதில்லை, கடைசி வெட்டு விழுகிற நேரத்தில் கரடி இருக்காது, ஒரு கை இருக்கும், என்னுடைய வலது கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி. சரி, துப்பாக்கியை எடுத்தால்? இருப்பது இரண்டு தோட்டா. ஒன்று ஈரத்தில் ஊறிப் பெருத்திருக்கிறது. கரடியைச் சுட்டவனை விசாரணை என்று இழுத்தடிப்பது கரடி கடித்ததைவிட நீளமாக இருக்கும். அதை விடு, அது வருகிற வேகத்தில் யார் குறி பார்ப்பது? பன்னிரண்டடி தூரத்தை அது கடந்ததை நான் பார்க்கவே இல்லை. இல்லாமல் இருந்தது, பிறகு ஜடையன் மேல் இருந்தது. வெடி வேண்டாம், மாசி மாதக் காட்டில் புல்லெல்லாம் சருகாக நிற்கிறது, வெடி போட்டால் கரடியும் போகும் காடும் போகும். ஸ்ப்ரே? முப்பது அடியில் அடிக்க வேண்டும், ஏழு நொடி வரும், காற்று நம் பக்கம் வீசக் கூடாது. கரடி காற்றைக் கேட்டுக்கொண்டா வரும். வனவர் போன வாரம் முகாமுக்குப் பின்னால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார், காற்று திரும்பிச் சமையல்காரரும் நாயும் சாயங்காலம் வரை அழுதார்கள். ஐந்தாவதாக ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன், யாருக்கும் தெரியாது. என் பைக் ஹெல்மெட். முகத்தைத்தானே குறி வைக்கும்? பூங்கோதை ஆஸ்பத்திரியில் ஜடையனைப் பார்த்துவிட்டு வந்த அன்று சொன்னாள், "கை கால் போனாலும் பரவால்லைங்க, மொகத்துக்கு மட்டும் ஒண்ணும் ஆகாம பாத்துக்குங்க." அதனால் வந்த யோசனை. ஒருநாள் போட்டுப் பார்த்தேன், என் மூச்சைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

நாய் குரைக்காமல் வாலாட்டுகிறது. அப்படியென்றால் வந்துவிட்டான். நான் ஸ்ப்ரே டப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், பின்பக்கம் ஒட்டியிருக்கும் எழுத்தை மூன்றாம் தரம் படிக்கிறேன், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். வாசலில் வனவர் குரல், "வா ஜடையா, எளச்சுப் போயிட்டியேப்பா." பதிலுக்கு ஒரு சத்தம், மூக்கால் காற்று போகிற சத்தம். நிமிர்ந்துதான் ஆக வேண்டும். நிமிர்கிறேன். இடது கண் இருந்த இடம் மூடித் தைக்கப்பட்டிருக்கிறது, மூக்குக்குத் தொடைத் தோலை எடுத்து வைத்திருக்கிறார்கள், மேலுதடு இல்லாததால் பல் வெளியே தெரிந்து சிரிப்பது போலவே இருக்கிறது. அவன் சிரிக்கவில்லை. இடுப்பில் அவனுடைய கொடுவாள். அவன் ஆட்களுக்கு அது அரைஞாண் கயிறு மாதிரி, தூங்கும்போதுதான் கழற்றுவார்கள். காப்பியை வாயில் ஊற்ற முடியாமல் தலையை அண்ணாந்து டம்ளரைச் சரித்துக்கொள்கிறான், பாதி கழுத்தில் வழிகிறது, துண்டால் துடைக்கிறான். ஒற்றைக் கண் என்னைப் பார்க்கிறது. "ஆர்" என்கிறான். சார் என்கிறான் போல. நாக்குக்கு ஒன்றும் இல்லை, உதடுதான் இல்லை, உதடு சேர்ந்து வருகிற எந்த எழுத்தும் அவனுக்கு இனி வராது என்று டாக்டர் சொன்னார், மற்றதெல்லாம் போகப் போகத் தேறும். நான் "நல்லாருக்கியா ஜடையா" என்கிறேன். என்ன கேள்வி இது! ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் இப்படித்தான், கைவீசிக்கொண்டு போகக் கூடாதென்று ஆறு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். வாயே இல்லாதவனுக்கு ஆரஞ்சுப் பழம். அவன் பெண்டாட்டி பொம்மி என் காலைத் தொட வந்தாள், "சாரு கல்லெடுத்து அடிக்காம இருந்தா இவரு உசிரு ஏதுங்க." நான் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டேன். கல்லெடுத்து அடித்தது நிஜம்தான். அதற்காகக் குடியரசு தினத்தன்று பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள் பூங்கோதை. கல் எடுப்பதற்கு முன்னால் என்ன எடுத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவன்தான், அவன் வாய் கோவையில் ஒரு பாலிதீன் பையில் போய்விட்டது. ஐந்து மாதமாக நான் நிம்மதியாகச் சோறு தின்றது அதனால்தான். தூ. இப்போது அந்த ஆள் எதிரே நின்று கட்டிலில் இருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான், துப்பாக்கியை, வெடியை, டப்பாவை. எதையும் தொடவில்லை. நான் டப்பாவை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொள்கிறேன். ஹெல்மெட்டைக் காலால் இன்னும் உள்ளே தள்ளுகிறேன்.

எப்போதும் அவன்தான் முன்னால் போவான், நான் பின்னால். இன்றைக்கு முதல் கல்லிலேயே ஒதுங்கி நின்று என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டுகிறான். ஒற்றைக் கண்ணுக்குத் தடம் தெரியாது என்று இருக்கலாம். இருக்கலாம். நான் முன்னால் நடக்கிறேன், என் பிடரிக்கு ஆறடி பின்னால் கொடுவாள் நடக்கிறது. இரண்டாம் கல். ஒன்றும் இல்லை, ஒரு கேளையாடு கூட இல்லை. அவன் மூச்சு கேட்கிறது, ஒட்டுப்போட்ட மூக்கில் உஸ் உஸ் என்று. கொடுவாள் உறை மரத்தில் செய்தது, உருவும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்காகவே என் காது பின்பக்கம் திரும்பி இருக்கிறது, கரடிக்கு யார் காது கொடுப்பது. மூன்றாம் கல். அவன் நினைவில் அது இருக்கிறதா? தலையில் நாற்பத்தேழு தையல், மயக்க மருந்து, நாலு தரம் ஆபரேஷன், இதையெல்லாம் தாண்டி ஒரு உள்ளங்கை நினைவில் நிற்குமா? நிற்காது. எனக்கே சில சமயம் நடக்காதது போல இருக்கிறது. அவன் ஊரில் ஒரு வழக்கம். கண் மறைக்கிற இடத்தில், புதருக்கோ புற்றுக்கோ முன்னால், நின்று தன் பெயரையும் அப்பன் பெயரையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கடப்பார்கள், அடுத்தவன் வீட்டு வாசலில் குரல் கொடுக்கிற மாதிரி. மாதன் மகன் ஜடையன் வாறேன் சாமியோவ். நான் இந்தக் காவல் பீட்டுக்கு வந்த புதிதில் அதைக் கேட்டுச் சிரித்தேன். பி.எஸ்சி. தாவரவியல் படித்தவன் அல்லவா, சிரிக்காமல் இருப்பேனா. புற்றுக்குள் தலையை விட்டுக் கரையான் உறிஞ்சுகிற கரடிக்குக் கண்ணும் தெரியாது காதும் கேட்காது, தண்ணீர் வற்றிய மோட்டார் காற்று இழுக்கிற மாதிரி ஒரு சத்தத்தில் மூழ்கிக் கிடக்கும், பத்தடிக்குள் மனுஷன் வந்த பிறகுதான் தெரியும், தெரிந்ததும் முகத்தில் பாயும், அதனால்தான் குரல் கொடுக்கிறார்கள் என்று பயிற்சி அதிகாரி பிறகு சொன்னார். செப்டம்பரில் சொல்லவில்லை. செப்டம்பரில் விதி என்ன? பேசாதே.

ஐந்தாம் கல், ஆறாம் கல். காற்று முகத்தில் அடிக்கிறது, டப்பாவை அமுக்கினால் என் கண்தான் போகும். அன்றைக்கும் காற்று இப்படித்தான், எதிர்க்காற்று, எங்கள் வாடை முன்னால் போகாது, அதனால்தான் மான்கள் நின்றன. எட்டாம் கல்லுக்கு அப்பால் பள்ளத்தில் புள்ளிமான் கூட்டம், அந்த வருஷம் என் கோட்டில் அதுவரை வந்தது ஏழே ஏழு மான், பக்கத்துக் கோட்டுக்காரன் ஐம்பது எழுதிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். வலப்பக்கம் உண்ணிச்செடிப் புதர், அதன் பின்னால் புற்று. ஜடையன் நின்றான். நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தான், எனக்குத் தெரியும் கத்தப் போகிறான் என்று, மாதன் மகன், மான் ஓடிவிடும். எட்டி அவன் வாயைப் பொத்தினேன். இறுக்கமாக. அவன் திமிறினான், புதரைக் காட்டினான், நான் இன்னும் அழுத்தி, அவன் காதோரமாகவே எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று, அவன் எச்சில் என் உள்ளங்கையில் சூடாக, பீடி நாற்றம், பதினாறு, பதினேழு, அவன் பல் என் விரலில் பட்டது, கடித்திருக்கலாம், கடிக்கவில்லை, மேலதிகாரியைக் கடிப்பார்களா. இருபத்து மூன்று. கையை எடுத்தேன். எடுத்ததும் ஜடையன் கத்தினான், ஆனால் அது பெயர் இல்லை. பிறகு நான் பார்த்ததெல்லாம் முதுகு, கறுப்பு முதுகு, அதற்கடியில் இரண்டு கால் உதறுகிறது, கிழிகிற சத்தம் ஈரத் துணி கிழிகிற மாதிரி, அதைவிட மோசம் அதன் குரல், பத்துப் பெண்கள் மாரடித்து அழுகிற மாதிரி. நான் ஓடினேன். பதினைந்தடியோ இருபதடியோ, ஒரு வேங்கை மரம் வரைக்கும். அதன் பிறகுதான் கல். கல்லைக் கரடியின் மண்டையில் போட்டேன், இன்னொரு கல், என் தொண்டையிலிருந்து என்னவோ சத்தம் வந்தது, கரடி போய்விட்டது. ஜடையன் எழுந்து உட்கார்ந்தான், முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கீழே விழுந்துவிடும் என்பது போல. அன்று சாயங்காலம் போனில் கணக்கெடுப்பு ஆப் கேட்டது, எட்டாம் கல், புள்ளிமான், எண்ணிக்கை. இருபத்து மூன்று என்று எழுதினேன். ரத்தம் காய்ந்த விரலோடு எழுதினேன். மனுஷனா நான்.

ஏழாம் கல். கால் போக மாட்டேன் என்கிறது. அதோ எட்டு, சுண்ணாம்பு உரிந்து நிற்கிறது, அதோ புதர், ஐந்து மாதத்தில் இன்னும் அடர்ந்திருக்கிறது. பள்ளத்தில் மான்கள். வெயில் சாய்வாக விழுந்து முதுகெல்லாம் புள்ளி, இருபது இருக்கும், முப்பதும் இருக்கலாம், தலையைக் குனிந்து மேய்கின்றன. ஒரு சத்தம் வருகிறது. உறிஞ்சுகிற சத்தம். புதருக்குப் பின்னாலிருந்தா, ஜடையனின் மூக்கிலிருந்தா? நான் கத்த வேண்டும். விதியாவது வெங்காயமாவது, கத்திவிட வேண்டும், நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறக்கிறேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் வாயைப் பொத்துகிறது. இறுக்கமாக. காய்ப்பேறிய கை, மண் வாசம், என் மூக்கும் பாதி அடைகிறது. என் காதில் அவன் பல் இடிக்கிற அளவுக்கு நெருங்கி, காற்றும் எச்சிலுமாக ஒரு குரல். "ஒண்ணு." நான் பின்னால் அவன் மேல் சரிகிறேன். "ரெண்டு. ஊணு." மூணு வரவில்லை அவனுக்கு, ஊணு என்கிறான். "நாலு. அஞ்சு." எல்லாம் நினைவிருக்கிறது. ஒன்றுகூட மறக்கவில்லை. அவன் மறு கை எங்கே? கொடுவாள் எங்கே? என் கை இடுப்புக்குப் போய்விட்டது, டப்பா கையில் இருக்கிறது, கட்டைவிரல் கிளிப்பைத் தள்ளிவிட்டது, குழாய் பின்பக்கம் திரும்பி அவன் முகத்துக்கு நேராக இருக்கிறது, அந்த ஒற்றைக் கண்ணுக்கு நேராக, ஒரே ஒரு அமுக்கு. ஏழு நொடி வரும். "ஒங்ஓது. அத்து." கரடிக்கு என்று வாங்கியது. முப்பது அடி வேண்டாம், அரையடியில் இருக்கிறான், குருடாக்கிவிடலாம், கரடி வந்தது சார், காற்று திரும்பிவிட்டது சார் என்றால் யார் கேட்பார்கள், இன்னொரு சான்றிதழ் வரும். விரல் அமுக்குகிறது. பாதி அமுக்கிவிட்டது, உள்ளே ஸ்பிரிங் கிறீச்சிடுவது விரலுக்குத் தெரிகிறது. "அதினேழு." அவன் கை என் வாயை மட்டும்தான் பிடித்திருக்கிறது. கழுத்தை இல்லை. மறு கை என் தோளில் இருக்கிறது, நான் விழுந்துவிடாமல். எனக்கு அது அப்போதுதான் தெரிகிறது. உறிஞ்சுகிற சத்தம் புதருக்குப் பின்னாலிருந்துதான். இரண்டு பேருக்கும் கேட்கிறது, அவன் உடம்பும் நடுங்குகிறது, என் முதுகில் அவன் நெஞ்சு அடிப்பது தெரிகிறது, நடுங்கிக்கொண்டே எண்ணுகிறான். செத்தாலும் எண்ணி முடிப்பான். டப்பாவை விட்டுவிட்டேன், சருகில் தொப்பென்று விழுந்தது. "இருவத்தி ரெண்டு." உஸ் என்று மூச்சை இழுத்தான். "இருவத்தி ஊணு."

கையை எடுத்தான். எடுத்தவன் என் முன்னால் வரவில்லை, பக்கத்தில் வந்து நின்றான், அந்த மூடாத வாயைத் திறந்து கத்தப் பார்த்தான், "ஆதன்... ஆதன் அகன்..." அதற்கு மேல் வரவில்லை. அவன் அப்பன் பெயரும் உதட்டில்தான் இருந்திருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் நான் பொத்தியிருக்கிறேன். நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். "மாதன் மகன் ஜடையன் வாறான் சாமியோவ்! மாதன் மகன் ஜடையன் வாறான்!" அழுதுகொண்டே கத்தினேன், வெட்கமெல்லாம் எங்கே இருக்கிறது. உறிஞ்சுகிற சத்தம் நின்றது. புதர் ஒருமுறை குலுங்கியது, கறுப்பாக ஒன்று செடியை முறித்துக்கொண்டு பள்ளத்தின் அந்தப் பக்கம் இறங்கி ஓடியது, மான்கள் குரல் கொடுத்துச் சிதறின, ஒரு நிமிஷத்தில் காடு துடைத்துவிட்ட மாதிரி காலியாகிவிட்டது. ஜடையன் குனிந்து டப்பாவை எடுத்து, தள்ளியிருந்த கிளிப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கிளிப்பைத் திரும்பப் போட்டு என் கையில் கொடுத்தான். பிறகு முன்னால் நடந்தான், எப்போதும் போல, நான் பின்னால், ஒவ்வொரு புதருக்கும் அவன் நிற்பான், நான் அவன் பெயரைக் கத்துவேன். இருபதாம் கல்லில் உட்கார்ந்து போனை எடுத்தேன். புள்ளிமான், எண்ணிக்கை என்று கேட்டது. பூஜ்யம் என்று போட்டேன். கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அதில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. செப்டம்பரில் எட்டாம் கல்லில் எழுதிய இருபத்து மூன்றை அடித்துவிடவும், அதை எண்ணுவதற்காக நான் ஜடையனின் வாயைப் பொத்தினேன் என்று எழுதி அனுப்பினேன். பக்கத்தில் அவன் தலையை அண்ணாந்து தண்ணீரைத் தொண்டையில் ஊற்றிக்கொண்டிருந்தான்.